மாறிய தாலிக்கொடி

வெள்ளிக்கிழமை காலை அம்மன் படத்துக்குப் பூ மாற்றப் போன சிவகௌரியின் விரல்களில் தட்டுப்பட்டது அவருடைய தாலிக்கொடி அல்ல. மல்லிகைச் சரத்துக்கு அடியில் ஈயம் பூசியதுபோல வெளிறிய ஒரு சங்கிலி தொங்கியது. அதில் கோத்திருந்த தாலியும் வெளிறியிருந்தது.

 சங்கிலியைக் கையில் ஏந்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மருமகள் தக்ஷிகா ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளை சுகமாய்ப் பிறக்கவேண்டுமென்று நேர்ந்து, பிறக்கும்வரை அம்மனுக்கே இருக்கட்டும் என்று சிவகௌரி தன் கொடியைக் கழற்றி அந்தப் படத்தில் சாத்தியிருந்தார். வாராவாரம் பூ மாற்றுபவள் தக்ஷிகா. அன்று அவள் ஸ்கானுக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். படத்தில் கை வைப்பவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் சிவகௌரி.

தக்ஷிகா திரும்பி வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே மாமியார் கேட்டுவிட்டார். "என்ரை கொடியை என்ன செய்தனீ?"

அன்று மாலை தக்ஷிகா ஒரு பெட்டியோடு தெற்கு லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கணவன் பிரவீணன் காரில் கொண்டுபோய் விட்டான்.  அடுத்த நாள் அவன் பொலிசிலும் காப்புறுதி நிறுவனத்திலும் முறைப்பாடு கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, லண்டனின் மிற்சம் பகுதியில் இருந்த அந்த வீட்டுக்கு நிறுவனம் அனுப்பிய விசாரணை அதிகாரி வந்தார். பெயர் கிளறிற்றா. சிறுவயதில் மன்னாரிலிருந்து வந்தவர். முன்பு குரொய்டனில் பொலிசாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு மாறியவர். எதிரில் இருப்பவரைக் கதைக்க விட்டுவிட்டு அறையைப் பார்ப்பது அவர் வழக்கம்.

வெளியே பெப்ரவரிக் குளிர். முன்னறை மட்டும் வெக்கையாக இருந்தது. சுவரில் பதித்த காஸ் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. செயற்கைக் கரிகள் கனன்றன. அவற்றின் முன்னோரத்தில் சில கற்களும் கிடந்தன, இரண்டு சிவப்பு, மற்றவை சாம்பல் நிறம். கணப்பின் இடப்பக்கத்து மூலையில் சாமித்தட்டு. அம்மன் படம், அதன் முன்னால் சிறிய மின்விளக்கு. கணப்புக்கு மேலே சட்டம் போட்ட புகைப்படத்தில், வெயில் தொப்பியும் முதுகுப்பையுமாய் ஒரு மனிதர் இடிந்த செங்கல் புகைபோக்கி ஒன்றின் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார்.

தீக்குச்சியை உரசி அணைத்ததுபோல ஒரு மணம் அறையில் இருந்தது.

"கடைசியாய் எப்ப கொடியை வடிவாய்ப் பாத்தனீங்கள், அக்கா?"

"சாத்தின அண்டைக்கு. பிறகு பூவுக்குள்ளை மறைஞ்சு கிடந்தது." சிவகௌரி கைகளை மடியில் அழுத்தி வைத்திருந்தார். அப்படியும் அவை நடுங்கின. "பூவை அவள்தான் மாத்துறவள். கை நடுங்குது எண்டு நான் விட்டிட்டன்."

"எப்ப தொட்டு நடுங்குது?"

"மார்கழியிலை துவங்கினது. அதை ஏன் கேக்கிறீர்?"

"சும்மாதான். டொக்டர் என்ன சொல்லுறார்?"

"கவலையாலை வாறதாம். பல்லுமுரசும் வீங்கிப்போச்சு, ஒண்டும் சப்பிச் சாப்பிட ஏலாது. நித்திரையும் இல்லை. கொடி போனதை விட்டிட்டு என்ரை வருத்தத்தைக் கேக்கிறீர்."

"உங்கடை கொடியிலை ஏதும் அடையாளம் இருந்ததோ?"

சிவகௌரியின் முகம் சற்று இளகியது. "கொக்கிக்குப் பக்கத்து வளையம் நசிஞ்சிருக்கும். பிரவீணன் பல்லு முளைக்கேக்கை கடிச்சவன். தட்டி நேராக்கித் தாறன் எண்டு நகைக்கடையிலை கேட்டவை. நான் விடேல்லை."

கிளறிற்றா வெளிறிய சங்கிலியை எடுத்தார். கொக்கியின் அருகே விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அதைப் பிளாஸ்ரிக் பையில் போட்டு மூடினார்.

தேநீரோடு வந்தவர் சிவகௌரியின் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா. புகைப்படத்தில் இருந்தவர் அவர்தான். தபால் விநியோகித்து நடந்த கால்கள், ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருக்கவில்லை. தமிழர் நடைக் குழு ஒன்றில் சேர்ந்து ஒவ்வொரு ஞாயிறும் நடந்துகொண்டிருந்தார்.

"இது எங்கை எடுத்தது, அண்ணை?"

அவர் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து பேசத் தொடங்கினார். "அமெரிக்காவிலை, மெக்சிக்கோ எல்லைப் பக்கம். பாலைவனம். ஒக்டோபரிலை போனனாங்கள். பழைய சுரங்கம் ஒண்டிலை இருந்து மற்றதுக்கு நடை. தண்ணி முழுக்க முதுகிலைதான். விடிய வெளிக்கிட்டு, வெயில் ஏறமுதல் சுரங்கவாய்க்குப் போயிடவேணும். நிழல் தர ஒரு மரம் இல்லை, வெறும் பத்தையள். ஆனா அந்தப் பத்தையைக் கசக்கி மணந்தால் மழை பெஞ்ச மணம். அங்கை மழையே இல்லை, பாருங்கோ."

"சுரங்கத்துக்குள்ளை இறங்கினீங்களோ?"

"விடமாட்டினம். கம்பிவலை போட்டு மூடியிருக்கு. ஒரு கல்லைப் போட்டிட்டுக் காதைக் குடுத்துக்கொண்டு நிப்பம். நிலத்திலை விழுற சத்தம் வரவே வராது போலை இருக்கும். கடைசி இடத்திலை உலை ஒண்டு. அதின்ரை புகைபோக்கிதான் இது. பக்கத்திலை வேலை செய்த ஆக்களின்ரை சவக்காலை. மரச்சிலுவையெல்லாம் சரிஞ்சு கிடக்கு. எல்லாரும் இளம் வயது." அவர் மனைவியைப் பார்த்தார். "இவவுக்கும் வரச் சரியான ஆசை. முழங்காலாலை ஏலாமல் போச்சு."

"அங்கையிருந்து ஏதும் கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லை." பதில் சட்டென்று வந்தது. "ஒண்டும் எடுக்கக்கூடாது எண்டு சட்டம்."

கிளறிற்றா எழுந்தார். "இப்ப கற்பூரம் கொளுத்தினீங்களோ? தீக்குச்சி மணக்குது."

"மகன் கொளுத்த விடுறதில்லை, பிள்ளை," என்றார் சிவகௌரி. "புகை அலாரம் அடிக்குதாம். கரண்ட் விளக்குத்தான். எனக்கும் சிலநேரம் இந்த மணம் வாறது."

மத்தியானம் கிளறிற்றா தோர்ண்டன் ஹீத்துக்குப் போனார். தக்ஷிகா கதவைத் திறந்ததும் கைகட்டி நின்றாள்.

"நான் எடுக்கேல்லை. அதைக் கேக்கத்தானே வந்தனீங்கள்?"

"இல்லை. கொடி எப்பிடி இருந்தது எண்டு கேக்க வந்தனான். ஒவ்வொரு கிழமையும் பாத்தது நீர்தானே."

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. உள்ளே கூட்டிப்போனாள்.

"முதலிலை நல்லாத்தான் இருந்தது. தை மாசம் கொஞ்சம் மங்கின மாதிரி. பூத்தண்ணி பட்டு ஊத்தை பிடிச்சிட்டுது எண்டு துடைச்சன். போகேல்லை. அடுத்த கிழமை இன்னும் வெளிறிப் போச்சு."

"மாமியிட்டைச் சொல்லேல்லையோ?"

"எதைச் சொன்னாலும் பேச்சு விழும். முந்தி அவ அப்பிடி இல்லை, அக்கா. எனக்குச் சத்தி வரேக்கை நெற்றியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பா. இப்ப ரெண்டு மூண்டு மாசமாய் ஆளே வேறை. நான் ஃபோனிலை சிரிச்சால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறன் எண்டு சொல்லுவா."

"உம்மடை சுகம்?"

"அங்கை இருக்கேக்கை ஒரே தலையிடி. பல்லுத் தீட்ட முரசிலை ரத்தம். பிள்ளை வயித்திலை இருந்தால் அப்பிடித்தான் எண்டு மிட்வைஃப் சொன்னவ." அவள் சற்று யோசித்தாள். "இஞ்சை வந்தாப் பிறகு குறைஞ்சிட்டுது. நிம்மதியாலை எண்டு நினைச்சன்."

அவள் தேநீர்க் கோப்பையை நீட்டும்போது கிளறிற்றா அவளுடைய கல்யாண மோதிரத்தைக் கவனித்தார். ஒரு பக்கம் பொன். மறுபக்கம் வெளிறிய திட்டு.

"உம்மிலை எனக்குச் சந்தேகம் இல்லை," என்றார் கிளறிற்றா. "ஆனால் நான் சொல்லும்வரை மாமி வீட்டுக்குப் போகவேண்டாம்."

பின்னேரம் அவர் ரூட்டிங் பகுதியில் ஒரு நகைக்கடைக்குப் போனார். கடைக்காரர் குலசேகரம் அவருக்குப் பழக்கமானவர். சங்கிலியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளி மாதிரித் தெரியுது. ஒருக்கால் நெருப்பிலை காட்டினால் விளங்கிவிடும்," என்று ஊதுவிளக்கை எடுத்தார்.

"வேண்டாம். மிஷினிலை வையுங்கோ."

உலோகங்களைப் பிரித்துச் சொல்லும் அந்தப் பெட்டிக்குள் சங்கிலி போனது. திரையைப் பார்த்த குலசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது தங்கம், பிள்ளை. இருபத்திரண்டு கரட். மேலை படிஞ்சிருக்கிறது பாதரசம்." ஊதுவிளக்கை அவர் தள்ளி வைத்தார். பிறகு போய்க் கடைக் கதவை அகலத் திறந்துவிட்டார். "நெருப்பிலை காட்டியிருந்தால் ஆவியாய் எழும்பி என்ரை நெஞ்சுக்குள்ளைதான் போயிருக்கும். உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"ஒருக்கால் ஒரு நர்சின்ரை மோதிரம் பாத்தனான். பழைய தெர்மாமீட்டர் உடைஞ்சு பாதரசம் பட்டு இப்பிடித்தான் வெளிறினது. களவு போச்சு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, ஏனெண்டால் மோதிரம் விரலிலையே இருந்தது."

கொடி கிடைத்துவிட்டது. அத்தோடு விசாரணைக் கோப்பை மூடிவிடலாம். கிளறிற்றா காருக்குள் ஏறியும் திறப்பைத் திருப்பவில்லை. பாதரசம் ஒரு வீட்டு முன்னறைக்குள் எப்படி வந்தது? அதுவும் கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டு?

அவர் பிரவீணனிடம் தொலைபேசி இலக்கம் வாங்கி, நடைக் குழுவை நடத்தும் ராஜீவுக்கு அழைப்பெடுத்தார்.

"நீங்கள் போன அந்தக் கடைசிச் சுரங்கத்திலை என்ன எடுத்தவை?"

"பாதரசம்," என்றார் ராஜீவ். "சிவப்புக் கல்லிலை இருக்கும். கல்லை உலையிலை போட்டு எரிச்சால் அது ஆவியாய் வெளியிலை வரும். குளிர்ந்த இடத்திலை போய்ப் படியும். அதை வழிச்சு எடுக்கிறது. கந்தகமும் சேர்ந்து எரியிறதாலை ஊரெல்லாம் தீக்குச்சி மணமாம்."

"உலைக்குப் பக்கத்திலை நிண்ட ஆக்களுக்கு?"

"பாவங்கள். கை நடுங்கும், முரசு வீங்கும், பல்லு விழும். குணமே மாறிப்போகும். பயமும் சந்தேகமும் பிடிச்சு, வீட்டு ஆக்களையே நம்பமாட்டினமாம். சவக்காலையிலை நிண்டு எல்லாருக்கும் சொன்னனான்."

"உங்கடை ஆக்கள் ஆரும் கல் எடுத்தவையோ?"

"எடுக்கவேண்டாம் எண்டு சொன்னனான். ஸ்ரீ அண்ணை ஒரு இடத்திலை பையோடை குனிஞ்சு நிண்டவர். கண்டும் காணாத மாதிரி விட்டிட்டன். வெறும் கல்லுத்தானே. அலுமாரியிலை வச்சிருந்தால் ஒண்டும் செய்யாது."

"நெருப்பிலை வச்சால்?"

 ராஜீவின் பதிலுக்குக் காத்திராமல் கிளறிற்றா ஸ்ரீஸ்கந்தராஜாவின் இலக்கத்தை அழுத்திவிட்டார்.

"அண்ணை, காஸ் ஃபயர் எரியுதோ?"

"ஓம், நல்ல குளிர். இவ அதுக்கு முன்னாலைதான் இருக்கிறா."

"அணையுங்கோ. யன்னல் கதவெல்லாம் திறந்துபோட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு இப்பவே ரோட்டுக்கு வாங்கோ. ஒண்டையும் தொடவேண்டாம். நான் வந்துகொண்டிருக்கிறன்."

கிளறிற்றா போய்ச் சேர்ந்தபோது இருவரும் மதிலோரம் நின்றார்கள். சிவகௌரியின் தோளில் கணவரின் ஜக்கெட். தீயணைப்புப் படையினர் வரும்வரை கிளறிற்றா அவர்களைத் தன் காரின் பின்சீற்றில் இருத்தி வெப்பத்தைப் போட்டுவிட்டார். வேலையிலிருந்து ஓடிவந்த பிரவீணன் முன்சீற்றில் ஏறினான்.

"அக்கா, உங்கடை கொடியை ஒருத்தரும் எடுக்கேல்லை. ஒருத்தரும் மாத்தவும் இல்லை. நீங்கள் என்னட்டைத் தந்தது உங்கடை கொடிதான்."

"அது வெள்ளை, பிள்ளை."

"கொக்கிக்குப் பக்கத்திலை அந்த நசிஞ்ச வளையம் இருக்கு. பல்லுத் தடமும் இருக்கு. கொடியைப் பாத்து அச்செடுத்த மாதிரி இன்னொண்டு செய்யலாம். ஒரு குழந்தை கடிச்ச தடத்தையும் ஆர் செய்வினம்? காலமையே எனக்கு அது விளங்கினது. ஏன் நிறம் மாறினது எண்டுதான் விளங்கேல்லை."

அவர் நகைக்கடையில் கண்டதைச் சொன்னார். தக்ஷிகாவின் மோதிரம் வெளிறியிருந்ததைச் சொன்னார். தாய்வீட்டுக்குப் போனதும் தக்ஷிகாவின் தலையிடி நின்றதைச் சொன்னார்.

"ஒரே நாளிலை மாறியிருந்தால் களவு எண்டு நினைக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாய் வெளிறினது. அப்பிடியெண்டால் அந்த அறைக்குள்ளை ஏதோ கொஞ்சம் கொஞ்சமாய் வந்துகொண்டிருக்கு. காலமை தீக்குச்சி மணந்தது. கரண்ட் விளக்கு வச்சிருக்கிற வீட்டிலை ஆர் தீக்குச்சி உரசினது? நான் கணப்பைப் பாத்தனான். அதிலை கரியோடை கல்லும் கிடந்தது. கம்பெனிக்காரன் கரி மட்டும்தானே வைப்பான்."

ஸ்ரீஸ்கந்தராஜா முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைக் கொண்டுவந்தது நான்தான்," என்றார்.

"ஓம், அண்ணை. இது உங்கடை கையாலை நடந்ததுதான்." கிளறிற்றா குரலை உயர்த்தவில்லை. "கல்லாய் இருக்கும்வரை பெரிசாய் ஒண்டும் செய்யாது. நெருப்பிலை வச்சவுடனை உங்கடை முன்னறையே அந்த உலையாய்ப் போச்சு. ஆவி போய்ப் பக்கத்திலை இருந்த தங்கத்திலை படிஞ்சது. மிச்சத்தை அக்கா சுவாசிச்சவ."

"எடுக்கக்கூடாது எண்டதாலை உங்களிட்டைப் பொய் சொன்னனான். சப்பாத்துக்குள்ளை ஒளிச்சுத்தான் கொண்டு வந்தனான்." அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "இவ வரேல்லைத்தானே. அந்த மண்ணின்ரை சிவப்பைக் காட்டவேணும் எண்டு ஆசை. கரிக்குப் பக்கத்திலை வச்சால் அந்தி வெயிலிலை மலை தெரியிற மாதிரி இருக்கும். ரெண்டுபேரும் பாத்துக்கொண்டு இருப்பம். நிறம் போனால் புதுசு வைப்பன். சவக்காலையிலை ராஜீவ் சொன்னதை நானும் கேட்டனான். நூறு வருசத்துக்கு முந்தின கதை எண்டு நினைச்சன். வீட்டிலை இவவின்ரை கை நடுங்கேக்கைகூட அது எனக்கு நினைவுக்கு வரேல்லை."

பிரவீணன் திரும்பித் தகப்பனைப் பார்த்தான்.  சிவகௌரி நடுங்கும் கையைக் கணவரின் முழங்காலில் வைத்தார்.

"அந்த நெருப்பு வடிவாய்த்தான் இருந்தது," என்றார். பிறகு அவருடைய முகம் மாறியது. "தக்ஷிகா? வயித்திலை பிள்ளை?"

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிப்போட்டன். நீங்களும் போகவேணும். அந்த மணம், நடுக்கம், சந்தேகம் எல்லாத்துக்கும் ஒரே காரணம் எண்டு டொக்டருக்கு நான் சொல்லுறன்."

நீல விளக்குகள் தெருமுனையில் திரும்பின.

பரிசோதனைகள் கிளறிற்றா சொன்னதை உறுதிசெய்தன. சிவகௌரிக்கு மருந்து தொடங்கியது. கைநடுக்கம் குறைய மாதங்கள் ஆகலாம் என்றார்கள். தக்ஷிகாவின் இரத்தத்தில் அளவு குறைவாகவே இருந்தது. பிள்ளையின் வளர்ச்சியில் குறை தெரியவில்லை, ஆனாலும் பிறந்த பிறகும் கவனித்துப் பார்க்கவேண்டும். வீட்டில் நிபுணர்கள் வந்து கணப்பைக் கழற்றினார்கள், கம்பளத்தை உரித்து எடுத்துப்போனார்கள். அந்த வேலை முடியும்வரை தாயும் தகப்பனும் மகனும் ஒரு நண்பர் வீட்டில் தங்கினார்கள்.

களவு நடக்கவில்லை என்று கோப்பு மூடப்பட்டதைத் தக்ஷிகாவிடம் நேரில் சொல்ல கிளறிற்றா வெளிக்கிட்டபோது, தானும் வரலாமா என்று சிவகௌரி கேட்டார். 

கதவைத் திறந்த தக்ஷிகா மாமியாரைக் கண்டதும் கைப்பிடியை விடாமல் நின்றாள். கிளறிற்றா தன் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஓரடி பின்னால் வந்தார்.

"உள்ளுக்கு வரக் கேக்கேல்லை," என்றார் சிவகௌரி. "ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன்."

"உங்கடை மகன் சொன்னவர், மாமி. அந்த நஞ்சு மூளையை அப்பிடி யோசிக்க வைக்குமாம். டொக்டரும் சொன்னவராம். உங்களிலை பிழை இல்லையாம்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம். எனக்கும் அப்பிடி நம்பிக்கொண்டு இருக்க விருப்பம்தான்." சிவகௌரி படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கை நடுங்கினது நஞ்சாலை. நித்திரை போனதும் நஞ்சாலை இருக்கலாம். ஆனால் சந்தேகம் வந்த நேரம் நான் என்ரை மகனைக் கேக்கேல்லை, என்ரை மனுசனைக் கேக்கேல்லை. உன்னைத்தான் கேட்டனான். வெளியிலை இருந்து வந்தவள் எண்டு. அது என்ரை பிழை, பிள்ளை. அதுக்கு மருந்து இல்லை."

தக்ஷிகா கீழே பார்த்தாள். தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

"எனக்கு இன்னும் கோபம்தான்," என்றாள்.

"இருக்கட்டும்."

"அந்த வீட்டுக்கு இப்ப வரமாட்டன்."

"வரவேண்டாம்."

அவள் கைப்பிடியை விட்டாள். கதவு தானாக அகன்றது.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, மாமி. அம்மா இப்பதான் நிலம் துடைச்சவ."

சிவகௌரி குனிந்தார். முழங்கால் மடங்கவில்லை, விரல்களுக்கு நாடா பிடிபடவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்ற தக்ஷிகா, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி வாசற்படியில் உட்கார்ந்து மாமியாரின் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.